விலை போன ஆட்டம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விளையாட்டு உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்கு ஒழுக்கமும் தரும் என்று பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். ஆனால் பந்தயப் பணம் மைதானத்திற்குள் நுழைந்தால் நேர்வது என்ன? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டோனி கேயின் கணக்கு

இங்கிலாந்தில் டோனி கே என்றொரு கால்பந்து வீரர் இருந்தார். 1962 டிசம்பர் 1 அன்று அவருடைய ஷெஃபீல்டு வெனஸ்டே அணி, இப்ஸ்விச் டவுன் அணியிடம் 0–2 என்று தோற்றது. தம் அணி வெல்லாது என்று கேயும், உடன் ஆடிய பீட்டர் ஸ்வான், டேவிட் லேன் இருவரும் ஆளுக்கு 50 பவுன் பந்தயம் கட்டியிருந்தனர். ஆதாயம் 100 பவுன். அடுத்த ஆண்டு கே இங்கிலாந்து அணிக்காகவும் ஆடிக் கோல் அடித்தார்.

1964 ஏப்ரலில் ஒரு ஞாயிறு இதழ் உண்மையை வெளியிட்டது. 1962இல் அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் என்று கேயைப் பாராட்டியதும் அதே இதழ்தான்! 1965 ஜனவரியில் கேக்கு நான்கு மாதச் சிறை, 150 பவுன் அபராதம். தொடர்ந்து ஆயுள் தடை. 1972இல் தடை நீங்கியது. ஸ்வான் ஆடத் திரும்பினார். கே லீக் ஆட்டங்களுக்குத் திரும்பவே இல்லை. நூறு பவுனுக்காக ஒரு வாழ்வே போயிற்று.

வலை விரிப்போர்

இக்குற்றத்தில் தமிழர் பெயரும் அடிபட்டது நமக்கு வருத்தம் தருவதாகும். சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள் 2011இல் பின்லாந்தில் கைதாகி, ஈராண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவரிடம் பணம் பெற்ற ரோவனியெமி நகர அணி வீரர் ஒன்பது பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களுள் எழுவர் சாம்பியா நாட்டினர். பிழைப்புக்காகக் கண்டம் கடந்து வந்தவர்கள்.

சூதாட்டத்தில் வெற்றி தோல்வி மீது மட்டுமல்ல, எத்தனை கோல் விழும் என்பதன் மீதும் பணம் கட்டலாம். ஆகவே நடுவரை வளைத்தாலும் போதும். 2011 பிப்ரவரி 9 அன்று துருக்கியின் அந்தாலியாவில் நடந்த இரண்டு ஆட்டங்களில் விழுந்த ஏழு கோல்களும் பெனால்டி கோல்களே! அந்த நடுவர்களுக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது.

நம் ஊர் மைதானத்தில்

இதெல்லாம் தூர தேசத்துச் செய்தி என்று எண்ண வேண்டா. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் அணிக்கு நான் கோல் கீப்பர். ஓர் இறுதி ஆட்டத்திற்கு முன்தினம், முன்பின் அறியாத ஒருவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, "தம்பி, ஒரே ஒரு கோல் விடு, போதும். ஆயிரம் ரூபா தர்றேன்" என்றார். அப்போது நான் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் மறுத்துவிட்டேன்.

ஆனால் ஆட்டத்தில் ஈரப்பந்து ஒன்று கை நழுவிக் கோலாயிற்று. தோற்றோம். நான் பணம் வாங்கவில்லை என்பதற்கு இன்றும் நான் ஒருவனே சாட்சி. தோழர்கள் நம்பினார்கள், யாரும் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை இல்லையேல் எந்த வீரனும் ஒரு கோலைக்கூட நேர்மையாகத் தவறவிட முடியாது.

மாணவ நண்பர்களே, டோனி கே இழந்தவற்றுள் பெரியது அதுவே என்று கருதுகிறேன்.