ஒலியும் உரையும் இழுவையும்: சிறு மோட்டார் காரைப்பற்றிய ஒரு பாடம்

கருவியொன்றை உடையராயிருத்தல் வேறு. அதனைக் கையாளும் முறையை அறிந்திருத்தல் வேறு. இக்காலத்துச் சிறு மோட்டார் காரை விலைகொடுத்து வாங்குவோர், ஓட்டுங் கலையைப் பயிற்சிப் பள்ளியிற் கற்றுக்கொள்கின்றனர்; ஆயின் காருடன் அளிக்கப்படும் விளக்க நூலை ஒருநாளும் விரித்துப் பாரார். அதன் பயனாக, பாடுங் கருவி கவனத்தைக் கவர்வதாகவும், பேசுங் கருவி உயிருக்கு ஊறு செய்வதாகவும், இழுத்தற்குரிய வளையம் வேண்டும்பொழுது அகப்படாததாகவும் முடிகின்றன. இம்மூன்றன் இயல்பையும், அவற்றைப் பயன்படுத்தும் நெறியையும் நம் கல்லூரி மாணாக்கர்க்குச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் இடமும் ஒரு காரும் வேண்டும். இடம் கோவளம் ஆகுக. சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்று, முட்டுக்காட்டுக் கழியின் பாலத்தைக் கடப்போமாயின் இவ்வூரை அடைவோம். ஆர்க்காட்டு நவாபின் கோட்டையொன்று இங்கிருந்ததையும், 1752-ஆம் ஆண்டில் கிளைவ் அதனைக் கைப்பற்றியதையும் சரித்திரம் பயின்றோர் அறிவர். இன்றோ மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களிற் கார்கள் திரள்திரளாக ஓடுகின்றன. அவ்வோட்டத்தினூடே மீன்கூடை சுமந்த மகளிரும் பள்ளிச் சிறுவரும் சாலையைக் கடக்கின்றனர். ஆடுமாடுகளும் குறுக்கே வருகின்றன.

கார், ஃபோர்டு ஃபிகோ ஆகுக. கோவளம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, மறைமலைநகர்த் தொழிற்சாலையிற் செய்யப்பட்டு, 2010-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சிறு கார் இது. 2022-ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையிற் கார் செய்தல் நின்றுபோயிற்று. எனினும் அக்கார்கள் நம் சாலைகளில் ஓடாமற் போகவில்லை. இதன் உயர்ந்த வகைகளில், கைப்பேசியைக் கையிலெடாமற் பேசுதற்குரிய புளூடூத் அமைப்பும் சேர்க்கப்பட்டிருந்தது. பிற கம்பெனியாரின் சிறு கார்களும் இப்பொருளில் இதனோடு பெரிதும் ஒத்தனவே. ஆதலின் ஈண்டுக் கூறுவன அவற்றுக்கும் பொருந்தும்.

1. ஒலி

காரில் ரேடியோ வைக்கும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ஆம் ஆண்டிலேயே மோட்டாருக்குரிய ரேடியோவைச் செய்து விற்கலாயினர். ‘மோட்டோரோலா’ என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே. நம் நாட்டில் எப். எம். என்னும் முறையில் வானொலி பரப்புதல் 1977-ஆம் ஆண்டில் சென்னையிலேதான் முதன்முதல் தொடங்கிற்று.

சென்னையிலிருந்து தெற்கே செல்வோர், கோவளத்தைத் தாண்டியபின் எப். எம். ஒலி கரகரத்துத் தேய்வதைக் கேட்டிருப்பர். ‘செட்டுப் பழுதாயிற்று’ என்று கருதிப் பொத்தான்களைத் திருகத் தொடங்குவாரும் உளர். பழுது செட்டின்கண் இல்லை. எப். எம். அலைகள் ஒளியைப்போல் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. பூமியோ உருண்டை வடிவினது. ஆதலின் கோபுரத்தின் உயரத்துக்கேற்ற தொலைவுக்கு அப்பால் அலைகள் தரையைத் தொடாமல் மேலே சென்றுவிடும். அத்தொலைவை அறிய ஒரு சூத்திரம் உண்டு: கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆற் பெருக்கினால், தொலைவு கிலோமீட்டரில் வரும். 150 மீட்டர் உயரமுள்ள கோபுரத்துக்கு இக்கணக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டரைத் தரும். நகரத்தின் நடுவே நிற்கும் அத்தகைய கோபுரத்துக்குக் கோவளம் எல்லைக்கு அணித்தாதலின், அதற்கப்பால் ஒலி மெலிதல் இயற்கையே.

இதனாற் பெறப்படும் நெறி யாது? நிலையங்களையும் பாட்டுக்களையும் புறப்படுமுன்னரே தெரிந்து அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஓடும்போது மாற்றவேண்டுமாயின், ஸ்டியரிங் சக்கரத்திற் பொருத்தப்பட்ட பொத்தான்களாலோ, அருகிலிருப்பவரைக் கொண்டோ மாற்றுக. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கின்றது. செட்டின் திரையைப் பார்க்க இரண்டு விநாடி கண்ணைத் திருப்பினோமாயின், 44 மீட்டர் சாலையைக் குருடராய்க் கடந்தோம் என்பதே பொருள். ஒலியின் அளவும் கருதத்தக்கது. பின்னால் வரும் 108 ஆம்புலன்ஸின் சங்கொலி காதில் விழாதவாறு இசை முழங்குமாயின், அவ்விசை நமக்கு இன்பமாயினும் அவ்வண்டியிற் கிடப்பவர்க்கு எமனாம்.

இன்னும் இரண்டு குறிப்புக்கள் உள. கடற்கரையில் உப்புக்காற்று ஓயாது வீசுதலின், வானலைக்கம்பியின் அடிப்பகுதியில் துரு ஏறி ஒலி கெடும். அவ்விடத்தை நன்னீரால் துடைத்து உலர்த்துதல் நன்று. இரண்டாவது: எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடலோரத்தில் அமர்ந்து நெடுநேரம் பாட்டுக் கேட்பது பலர்க்கு வழக்கம். சிறு காரின் பாட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவினது. செட்டு 4 ஆம்பியர் மின்சாரம் கொள்ளுமாயின் ஏறக்குறைய 9 மணி நேரத்தில் அது வறிதாய்விடும். ஆனால் எஞ்சினைக் கிளப்பும் ஆற்றலோ, பாதி குறையுமுன்பே ஐயத்துக்கிடமாகும். விளக்கும் விசிறியும் உடன் ஓடுமாயின் நேரம் இன்னுஞ் சுருங்கும். இசையில் தொடங்கிய மாலைப்பொழுது கயிற்றில் முடிவது இவ்வாறே.

2. உரை

புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனுடைய பட்டப்பெயராம். சுவீடன் தேசத்து எரிக்சன் கம்பெனியார் 1994-ஆம் ஆண்டில் இம்முறையை ஆராயத் தொடங்கினர். 1998-ஆம் ஆண்டிற் பல கம்பெனியாரும் ஒன்றுகூடி இதனைப் பொதுமுறையாக்கினர். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள சிற்றலைகளால் இயங்குவது. அவ்வெல்லையை 79 வாய்க்கால்களாகப் பிரித்து, ஒரு விநாடிக்கு 1,600 முறை வாய்க்கால்விட்டு வாய்க்கால் தாவுதலால், பிற கருவிகளின் இரைச்சலுக்கிடையேயும் பேச்சு கெடாமற் செல்கின்றது. கைப்பேசியையும் காரையும் முதன்முறை ஒன்றோடொன்று இணைத்தல் வேண்டும். இவ்விணைப்பைக் கார் நிற்கும்போதே செய்துகொள்க. ஒருமுறை இணைத்தபின், காரைக் கிளப்பியவுடன் இரண்டும் தாமே கூடிக்கொள்ளும்.

பேசுவோர் குரலை வாங்கும் மைக், ஓட்டுநர் தலைக்கு அணித்தாகவோ முன்பலகையிலோ வைக்கப்பட்டிருக்கும். எதிர்முனையாரின் குரல் காரின் ஒலிபெருக்கியினின்று புறப்பட்டு மீண்டும் மைக்கினுட் புகுமாயின், அவர் தம் குரலையே எதிரொலியாகக் கேட்பர். அதனைக் கழித்து நீக்குங் கணிதம் கருவியினுள்ளே நிகழ்கின்றது. கண்ணாடியைத் திறந்துவைத்தாலோ கடற்காற்றின் இரைச்சல் அக்கணிதத்தையும் வென்றுவிடும். ஆதலிற் பேசும்போது கண்ணாடியை மூடுக. மற்றொன்று: இணைத்தவுடன் நம் கைப்பேசியிலுள்ள பெயர்களும் எண்களும் காரின் நினைவில் ஏறுதல் உண்டு. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும், சொந்தக் காரை விற்கும்போதும் அவற்றை அழித்துவிடல் வேண்டும். நண்பர்தம் விலாசங்களைத் தெருவில் எறிந்துசெல்வார் யாவருமிலர் அன்றோ?

நிற்க. கை விடுபட்டமையால் அபாயமும் விடுபட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இங்கேதான் பெரும் பிழை உளது. கனடா தேசத்து ரெடெல்மையர், திப்ஷிராணி என்னும் அறிஞர் இருவர், கைப்பேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் பேச்சுக் கணக்குகளை ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். பேசும் நேரத்தில் மோதலின் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது என்பதும், கையிலெடாமற் பேசும் கருவியால் அவ்வபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அவர்கள் கண்டவை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்து ஸ்ட்ரேயரும் அவர்தம் துணைவரும் 2003-ஆம் ஆண்டில் இதற்குக் காரணம் காட்டினர்: பேசுவோருடைய கண் ஒரு பொருளின்மேற் பட்டபோதும், மனம் அதனைப் பற்றுவதில்லை. கண்ணிருந்தும் காணாமை என்பது இதுவே. அருகிலிருப்பவருடன் பேசுதல் இத்துணைத் தீங்கு செய்யாமைக்கும் ஒரு காரணம் உண்டு. அவரும் சாலையைக் காண்கின்றார். குறுக்கே ஒரு சிறுவன் ஓடிவரின் தாமே பேச்சை நிறுத்துகின்றார். தொலைவிலிருப்பவர்க்கோ சாலையும் தெரியாது, சிறுவனும் தெரியான்.

சட்டம் கூறுவதையும் அறிதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, கையிற் பிடித்த செய்திக்கருவியைப் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுதல், 184-ஆம் பிரிவின்கீழ் அபாயகரமான ஓட்டுதலாக வைக்கப்பட்டது. முதற் குற்றத்துக்கு 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கையிலெடாத பேச்சைச் சட்டம் அவ்வாறு தண்டிக்கவில்லை. எனினும் சட்டம் தண்டியாதது யாவும் தீங்கற்றதென்று கொள்ளல் தகாது. அழைப்பு வரின், ‘ஓட்டுகின்றேன், நிறுத்திவிட்டு அழைக்கின்றேன்’ என்று சொல்லி முடித்தற்கே இக்கருவியைப் பயன்கொள்க. அவசரமாயின் சாலையோரத்தில் நிறுத்திப் பேசுக.

3. இழுவை

மூன்றாவது உறுப்பு இழுவளையம். சிறு கார்கள் பலவற்றில் இது வண்டியோடு பொருந்தியிராது. பின்புறத்தில் உபரிச் சக்கரம் வைக்குங் குழியிற் பிற கருவிகளோடு கிடக்கும். முன் பம்பரில் ஒரு சிறு மூடி உண்டு. அதனை நெம்பி அகற்றினால் மரையுள்ள துளை தோன்றும். அதில் வளையத்தை முழுதும் திருகி, சக்கரம் கழற்றும் ஸ்பானரால் இறுக்குதல் வேண்டும். ஃபோர்டு கம்பெனியாரின் ஃபியஸ்டா முதலிய கார்களில் இம்மரை இடம்புரியாக அமைந்தது. வழக்கம்போல் வலப்புறமாகத் திருகுவோர் எத்துணை வலிமையுடையராயினும் அது ஏறாது. கோவளத்துக் கரையில் வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் வேறாதலை அறிந்தோர், இதனையும் நினைவிற்கொள்க.

இனி, இழுத்தற்குரிய விசையின் அளவைக் காண்போம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார், சமமான தார்ச்சாலையில் 10 முதல் 15 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் உருளும். சிறுவரிருவர் தள்ளினாலும் நகரும். அதே கார் கடற்கரையின் இளகிய மணலிற் புதையுமாயின் 200 முதல் 300 கிலோகிராம் வரை வேண்டியிருக்கும். ஆதலின் மணலிற் சிக்கியவுடன் கயிற்றைத் தேடாது, முதலிற் சக்கரங்களின் முன்னுள்ள மணலை வாரி அகற்றி, டயரின் காற்றைச் சிறிது குறைத்து, பலகையோ தென்னை மட்டையோ இடுதல் அறிவுடைமை. தார்ச்சாலையை அடைந்தபின் காற்றை மீண்டும் நிரப்ப மறவற்க.

தளர்ந்த கயிற்றைச் சட்டெனச் சுண்டி இழுப்பது மிகக் கொடிது. 1,000 கிலோகிராம் நிறையுள்ள இரு கார்களில், முன்னது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் பெற்றபின் கயிறு இறுகுவதாகக் கொள்வோம். 10 சென்டிமீட்டரே நீளும் இரும்புச் சங்கிலியாயின், இரு கார்களும் ஒரே வேகம் அடையுமுன் அதன்மேல் விழும் விசை ஏறக்குறைய 4,000 கிலோகிராம் எடைக்குச் சமமாம்! ஒரு மீட்டர் நீளும் நைலான் கயிறாயின் அது 400 கிலோகிராமுக்குட்படும். வளையம் பிய்வதும், கயிறு அறுந்து சாட்டைபோல் வீசுவதும் முன்னதன் பயன்கள். கரைவலை இழுக்கும் நம் மீனவரைக் காண்க: கயிற்றை முதலில் இறுக்கிப் பின்னரே ஒரே சீராக வலிக்கின்றனர், சுண்டுவாரிலர். அம்முறையே காருக்கும் உரியது. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்போர் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலகி நிற்றல் வேண்டும்.

பின்வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளே இதனையும், இரு வண்டிகளுக்கிடையே 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியையும், இழுக்கப்படும் வண்டியின் பின்னே அதனை அறிவிக்கும் எழுத்துக்களையும் வற்புறுத்தின. பின்வண்டியின் எஞ்சின் ஓடாமையால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். அதன்பின் முழுவலிமையோடு மிதித்தாலன்றி வண்டி நில்லாது. ஸ்டியரிங் சக்கரமும் கனக்கும். சாவியைக் கழற்றிவிட்டாலோ அது பூட்டிக்கொள்ளும். ஆதலிற் சாவியைத் திருப்பியே வைத்தல் வேண்டும். கியரை நடுநிலையில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, மணிக்கு 20 கிலோமீட்டரளவில் அண்மையிலுள்ள பட்டறைவரை மாத்திரம் செல்க. தானியங்கு கியர் உடைய காரைக் கயிற்றால் இழுத்தல் ஆகாது. முன்சக்கரங்கள் ஓட்டும் வகையாயின் அவற்றைத் தூக்கியே கொண்டுசெல்லல் வேண்டும். பாட்டரி தீர்ந்த காரைக் கயிற்றால் இழுத்துக் கிளப்ப முயல்வதும் தவறு. திடீரென எஞ்சின் பிடித்தால் பின்வண்டி முன்வண்டியின்மேற் பாயும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் தூய்மிக் கருவியைக் கெடுக்கும். வேறொரு பாட்டரியின் கம்பிகளை இணைத்துக் கிளப்புதலே முறை.

இதுகாறுங் கூறியவற்றால், மூன்று துணைக்கருவிகளும் ஓட்டுநரின் கவனத்துக்கு ஏவலராதல் வேண்டுமேயன்றித் தலைவராதல் கூடாது என்பது புலனாகும். பாட்டைப் புறப்படுமுன் அமைத்துக்கொள்க; பேச்சை நிறுத்தியபின் வைத்துக்கொள்க; இழுவையைப் பொறுமையோடு செய்க. அடுத்த விடுமுறையில் மாமல்லபுரம் நோக்கிப் புறப்படும் மாணாக்கர், அதற்கு முன்னாள் மாலையில் அரைமணி நேரம் செலவிட்டு, விளக்க நூலைப் படித்து, இழுவளையம் எங்குளது என்று தம் கையாலேயே எடுத்துப் பார்ப்பாராக. அவ்வரைமணி, சாலையைக் கடக்கும் முன்பின்னறியாத ஒருவருடைய உயிரைக் காத்தலுங் கூடும்.