கூரைத் தகடுக்கு எந்த ஸ்குரூ?

கேள்வி: மொட்டை மாடியில் கூரைத் தகடு போடுகிறோம். இரும்புச் சட்டம் 2 மி.மீ. கனம். செல்ஃப் டேப்பிங், செல்ஃப் டிரில்லிங் இரண்டில் எதை வாங்குவது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: செல்ஃப் டிரில்லிங்தான் வாங்குங்கள். இரண்டும் இரும்பில் தாமே மரை வெட்டிக்கொள்ளும். ஆனால் ஓட்டை போடுவது டிரில்லிங் மட்டுமே. அதன் நுனியைப் பாருங்கள், டிரில் பிட் போலவே பள்ளம் வெட்டியிருக்கும். டேப்பிங் ஸ்குரூவுக்கு முதலில் சரியான அளவில் ஓட்டை போட வேண்டும். பெரிதானால் பிடிக்காது, சிறிதானால் தலை முறியும். கூரைமேல் நின்றுகொண்டு நூற்றுக்கணக்கில் அப்படிப் போடுவது வீண் பாடு. மின்சாரப் பெட்டி, ஏ.சி. மூடி போல அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கு டேப்பிங் நன்று.

நுனியின் நீளம் முக்கியம். தகடு, சட்டம் இரண்டின் மொத்தக் கனத்தைவிட அது நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை விழுந்து முடியுமுன்பே மரை பிடித்து, ஸ்குரூ ஒடியும். உங்கள் 2 மி.மீ. சட்டத்துக்கு 3-ஆம் எண் நுனி போதும்.

தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் இருக்கட்டும். அது லேசாக அழுந்தியதும் நிறுத்துங்கள். பிதுங்கும்வரை முறுக்கினால் மழை ஒழுகும்.

நீங்கள் கடலோரம். சாதாரண துத்தநாக முலாம் உப்புக்காற்றுக்குத் தாங்காது. கூடுதல் பூச்சுள்ளதைக் கேளுங்கள். முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நுனி இரும்பைத் துளைக்கத் திணறும். நுனி மட்டும் கார்பன் ஸ்டீலாக உள்ளவையும் கிடைக்கின்றன. விலை கூடினாலும் அவற்றையே வாங்குங்கள்.