குருதி கூறும் சான்று

அபின் செடியின் காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபினாகின்றது. அபினிலிருந்து மோபீன் என்னும் அற்கலோயிட்டைப் பிரித்தெடுத்துத் தம் ஆய்வினை 1805 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டவர் சேர்த்தூணர் என்னும் செருமானிய மருந்தாளர். நோவைத் தணிப்பதில் அதற்கு நிகரானவை சிலவே. அளவு மிஞ்சின் மூச்சை அடக்கி உயிரைக் கவர்வதும் அதுவே.

1823 இல் பாரிசு நகரிலே கஸ்தேன் என்னும் இளம் மருத்துவர் தம் நண்பனை மோபீனூட்டிக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டார். இறந்தவர் உடலில் நஞ்சினைக் கண்டு காட்ட அக்கால இரசாயனம் வல்லதாகவில்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1850 இல் பெல்சியத்து அறிஞர் ஸ்தாஸ் ஒரு கொலை வழக்கின்பொருட்டுச் சடலத்திலிருந்து நிக்கொட்டீனைப் பிரித்தெடுத்தார். அன்று முதல் அற்கலோயிட்டு நஞ்சுகள் ஒளிந்திருக்க இயலாதனவாயின.

ஆயினும் நஞ்சைக் காண்டல் வேறு. கண்டதன் பொருளை உணர்தல் வேறு. ஹெரோயினை எடுத்துக்கொள்வோம். குருதியிற் கலந்த சில நிமிடங்களிலேயே அது தன் அசற்றைல் கூட்டங்களுள் ஒன்றை இழந்து 6-ஓரசற்றைல்மோபீனாக மாறும். பின்னர் மற்றையதையும் இழந்து மோபீனாகும். ஈரல் அம்மோபீனைக் குளுக்குரோனைட்டாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றும். ஆதலின் ஹெரோயினால் இறந்தவன் குருதியில் ஹெரோயினையே தேடுவோன் பெரும்பாலும் ஏமாறுவான்.

ஒவ்வொரு பாய்பொருளும் ஒவ்வொரு செய்தியைக் கூறும். குருதி அவ்வேளை நிலையைக் கூறும். சிறுநீரோ கடந்துபோனதைக் கூறுமேயன்றி, அம்மனிதன் அவ்வேளை மயங்கியிருந்தானா என்பதைக் கூறாது. விழியினுள்ளே நிறைந்த கண்ணாடியுடனீர் குருதியினின்று விலகியிருத்தலால், மருந்தை மெதுவாகப் பெற்று நெடிது காக்கும். குருதியில் மறைந்துபோன 6-ஓரசற்றைல்மோபீன் ஆங்கே அகப்படுதலும் உண்டு. மோபீனோ, கோடீனோ, கசகசாவோ இப்பொருளை உண்டாக்கா. ஆதலின் அது ஹெரோயினுக்குத் தனிச்சான்றாகும்.

கசகசாவென்றதும் நகையாடல் வேண்டா. அதனை உண்டவர் சிறுநீரிலும் மோபீன் தோன்றும். அமெரிக்காவில் அரச ஊழியரைச் சோதிக்கும் விதிகளில் மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமாயிருந்த வரம்பு, 1998 இல் 2000 ஆக உயர்த்தப்பட்டமைக்கு இதுவே காரணம். தின்பண்டம் உண்ட ஒருவனைக் குற்றவாளியாக்கும் அபாயம் அவ்வாறு குறைக்கப்பட்டது.

இறந்த பின்னரும் மருந்துகள் ஓய்வதில்லை. ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் தங்கியவை அயலிலுள்ள இதயக்குருதியிற் கசிந்து அதன் செறிவை உயர்த்தக்கூடும். எனவே தொடைநாளத்துக் குருதியையே ஆய்வாளர் விரும்புவர். அன்றியும், நெடுநாட் பழகியவன் தாங்கும் அளவு புதியவனைக் கொல்லும். எண் மட்டும் தீர்ப்பாகாது.

1998 இல் இங்கிலாந்தின் ஹைட் நகரில் 81 வயது மூதாட்டியார் ஒருவர் இறந்தார். முதுமையே காரணமெனச் சான்றளித்தவர் அவருடைய மருத்துவர் ஹரல்ட் சிப்மன். புதைத்த உடலைச் சில வாரங்களின் பின் தோண்டியெடுத்து ஆய்ந்தபோது, தொடைத்தசையிலும் ஈரலிலும் மோபீன் காணப்பட்டது. மருத்துவக் குறிப்புக்கள் பின்னர் மாற்றப்பட்டிருந்தமையும் வெளிப்பட்டது. 2000 ஆம் ஆண்டு சனவரியில் பதினைந்து கொலைகளுக்கு அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஏட்டைத் திருத்திய கை தசையைத் திருத்த இயலவில்லை.

இன்று இரசாயனம் பயிலும் மாணவர் ஒருவர் நாளை நீதிமன்றத்திற் சான்று கூற நேரலாம். எவ்விடத்துக் குருதி, எந்நேரத்தது, இறந்தவர் பழகியவரா, வேறு விளக்கம் உண்டா என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அவர் வாய் திறத்தல் வேண்டும். கொன்றவன் தப்பாதிருத்தலும் கொல்லாதவன் சிக்காதிருத்தலும் அப்பொறுமையிலேயே தங்கியுள்ளன.