மருந்து டிரம்மில் மூழ்கிய ஓஸ்: குடிநீருக்கு வரும் ஆபத்து

பூச்சி மருந்து தெளிக்கும்போது காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது என்பதை விவசாயிகள் அனைவரும் அறிவார்கள். ஆனால் மருந்து கலக்கும் டிரம்மில் ஓஸ் குழாயின் நுனி எங்கே கிடக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே போரிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பருத்தி விவசாயி ஒருவரின் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். 200 லிட்டர் டிரம்மில் மருந்தை முதலில் ஊற்றி, ஓஸை அடி வரை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டிருந்தார். டிரம் முக்கால் நிரம்பிய நேரத்தில் மும்முனை மின்சாரம் நின்றது. வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் டிரம்மில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. டிரம்மில் ஓட்டை எதுவும் இல்லை. விஷயம் புரிந்து நான் சொல்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. வீட்டுக் குழாயில் அவர் மனைவி குடம் பிடித்துவிட்டார். குடத்தில் விழுந்தது பால் கலந்தது போன்ற வெள்ளைத் தண்ணீர். நல்லவேளை, அந்த அம்மாள் சந்தேகப்பட்டுக் கீழே கொட்டினார். இ.சி. வகை மருந்து தண்ணீரில் வெளுக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்தது. எல்லா மருந்தும் இப்படி நிறம் காட்டாது.

டிரம்மில் இருந்த மருந்து போருக்குள் எப்படிப் போயிற்று? மோட்டார் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் தன் எடையால் கீழே இறங்கப் பார்க்கும். நீர்மூழ்கி மோட்டாரின் மேல் உள்ள ஒருவழி வால்வு அதைத் தாங்கி நிறுத்த வேண்டும். மணல் சிக்கியோ தேய்ந்தோ வால்வு கசிந்தால் தண்ணீர் இறங்கிவிடும். மேலே குழாயில் வெற்றிடம் உண்டாகும். வீட்டுக் குழாய்கள் மூடியிருந்தால் காற்று புக வழியில்லை. திறந்திருக்கும் ஒரே வாய், டிரம்முக்குள் மூழ்கிய ஓஸ்தான். அதன் வழியே மருந்துத் தண்ணீர் உறிஞ்சப்படும். ஓஸ் நுனி வெளியே வந்து காற்று புகும் வரை இது நிற்காது. திறந்த கிணற்றில் ஃபுட் வால்வு கசிந்தாலும் இதே கதைதான்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் 1969இல் ஒரு கல்லூரியின் கால்பந்து அணியில் பெரும்பாலோரை மஞ்சள் காமாலை நோய் தொற்றி, அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்கள் ரத்தாயின. தீயணைக்கத் தண்ணீர் எடுத்தபோது நகரக் குழாயில் அழுத்தம் குறைந்தது. மைதானத்துத் தெளிப்பான் குழிகளில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்பட்டது. காமாலை கண்ட குழந்தைகள் அந்தக் குழிகளில் விளையாடியிருந்தார்கள்.

தடுக்கும் வழிக்குக் காசு செலவில்லை. ஓஸ் நுனி டிரம் விளிம்புக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் நிற்கும்படி ஒரு கவைக் குச்சியில் கட்டிவிடவும். இடையில் காற்று இருக்கும்போது எந்த வெற்றிடமும் மருந்தை இழுக்க முடியாது. முதலில் தண்ணீரை நிரப்பி, ஓஸை எடுத்துவிட்டு, பிறகு மருந்தை ஊற்றிக் கலக்கவும். கூடுமானால் டிரம்மைப் போரிலிருந்து தள்ளி வைக்கவும். மாட்டுத் தொட்டிக்கும் இந்த நாலு விரற்கடை இடைவெளி வேண்டும்.

வால்வு கசிகிறதா என்று அறிய, நல்ல தண்ணீர் ஓடும்போதே மற்றக் குழாய்களை மூடி மோட்டாரை நிறுத்தி, ஓஸ் நுனியை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கையை உள்ளே இழுத்தால் கசிவு உண்டு. மோட்டார் போட்டதும் தண்ணீர் வராமல் முதலில் காற்று சீறுவதும் அதே அறிகுறி. அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது வால்வை மாற்றிவிடவும். அதுவரை மேலே ஒரு ஒருவழி வால்வு பொருத்தலாம். ஆனால் வால்வை நம்பிக் குச்சியை விட்டுவிடாதீர்கள், வால்வு தேயும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் வெஞ்சுரி மூலம் உரம் விடுவோர், மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் இடையே ஒருவழி வால்வு வைப்பது கட்டாயம். வால்வின் மேலுள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். வீட்டுக்குப் போகும் கிளைக் குழாய் இந்த வால்வுக்கு முன்பே, மோட்டார் பக்கத்தில் பிரிய வேண்டும். பல தோட்டங்களில் இதை மாற்றிப் பொருத்தியிருப்பதைக் காண்கிறேன்.

ஊராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இதே தவறுதான். இணைப்பு கசியும் இடத்தில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகும்.

மருந்து திரும்பிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ மாட்டுக்குக் காட்டவோ கூடாது. காய்ச்சினாலும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும் பூச்சி மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. மோட்டாரை ஓட்டி, வாய்க்காலிலோ குட்டையிலோ சேராதபடி தரிசு நிலத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, பிறகு மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவும். பூச்சி மருந்தைச் சோதிக்கும் வசதி எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இல்லை. எந்த மருந்து என்று சொல்லி, முன்னதாகக் கேட்டுக்கொண்டு போகவும். யாராவது குடித்துவிட்டிருந்தால், வாந்தி மயக்கம் வரட்டும் என்று காத்திராமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். புட்டியில் உள்ள பெயர், சரியான சிகிச்சையை முடிவுசெய்ய டாக்டருக்கு உதவும்.