பழைய பரோலோ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: ஒயின் பழசாகப் பழசாகப் போதை கூடும்.

உண்மை: கூடாது. திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அந்த நொதிப்பு முடிந்து புட்டியை மூடிவிட்டால், அதன்பின் ஆல்கஹால் ஏற வழியில்லை. பரோலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் வடமேற்கில், பியமோந்தே மலைச்சரிவுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே எடுக்கப்படும் சிவப்பு ஒயின் அது. சட்டப்படி 38 மாதமாவது பதப்பட வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ரிசெர்வா வகைக்கு 62 மாதம். 14 சதவீத ஆல்கஹாலோடு புட்டிக்குள் போனது, இருபது ஆண்டு கழித்தும் அதே 14தான்.

மாறுவது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், இளம் பரோலோவில் நாக்கை இழுத்துப் பிடிக்கும். ஆண்டுகள் போகப் போக டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, ஒரு பகுதி நிறமிகளோடு சேர்ந்து அடியில் படியும். சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும். பழ வாசனை தணிந்து, உலர்ந்த ரோஜா, பதனிட்ட தோல், காளான் வாசனைகள் எழும். புட்டியின் அடியில் மண்டியைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, மெல்லத் தெளிவிறுத்தால் போதும்.

நம்பிக்கை: எந்த ஒயினும் வைக்க வைக்க ருசிக்கும்.

உண்மை: உலகில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. நெபியோலோவைப் போலப் புளிப்பும் துவர்ப்பும் மிகுந்தவை நீண்ட காலம் தாங்கும்.

நம்பிக்கை: சிவப்பு ஒயினுக்குக் காரசாரமான கறிதான் பொருத்தம்.

உண்மை: இந்த நம்பிக்கைதான் பழைய ஒயினை அதிகம் வீணடிக்கிறது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். துவர்ப்பும் கசப்பாகத் தெரியும். இருபது ஆண்டு காத்து வந்த நுண்ணிய வாசனை மசாலாவில் அமுங்கிப்போகும். பரோலோ பிறந்த ஊர்க்காரர்கள் சமைப்பதைப் பாருங்கள்: அந்த ஒயினையே ஊற்றி மணிக்கணக்காகச் சிறுதீயில் வேகவைத்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள்கரு தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த தஜரின் என்ற மெல்லிய பாஸ்தா, அதன்மேல் சீவிய ஆல்பா நகரத்து வெள்ளை ட்ரஃபிள் காளான், நாள்பட்ட பாலாடைக்கட்டி. ஒன்றிலும் காரமில்லை. புரதமும் கொழுப்பும் உண்டு. கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலையைத்தான் இறைச்சியும் சீஸும் டானினிடம் செய்கின்றன. இளம் பரோலோவுக்குக் கொழுத்த இறைச்சி வேண்டும். துவர்ப்பு அடங்கிய பழையதற்குக் காளான் உணவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

நம்பிக்கை: சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்.

உண்மை: அது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீட்டு அறைகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. சென்னையின் 32 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் முன்னே வரும்.

நம்பிக்கை: தினம் ஒரு கோப்பை இதயத்துக்கு நல்லது.

உண்மை: இதயத்தைக் காப்பதாகச் சொல்லப்படும், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் என்ற பொருள் ஒயினில் மிகச் சொற்பமே. மது எந்த அளவிலும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதயத்தைக் காரணம் காட்டி அதைத் தொடங்க வேண்டாம்.