கதை விவாதத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு

சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் சில பிள்ளைகள் சினிமாவில் எழுத வேண்டும் என்று சென்னைக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் போகும் முன் என்னைப் பார்க்க வருவதுண்டு. நான் எழுத்தாளன் இல்லை. சேலம் ஏரியா விநியோகஸ்தர்களிடம் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாக, இருந்தவன். படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போய், டிக்கெட் அடிக்கட்டையை எண்ணி, தினசரி வசூல் கணக்கான டி.சி.ஆரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது என் தொழில். அதனால் திரையைப் பார்த்ததைவிட, திரையைப் பார்க்கும் ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். அங்கே கற்றதை இங்கே எழுதுகிறேன்.

1. உன் சந்தேகத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாதே.

"இரண்டாம் பாகமா? முதல் பாகத்தின் பேரைக் கெடுக்காமல் இருந்தால் போதும்." "எழுதுவது யாரோ புதுப்பையனாம்." "கம்பெனி சொல்கிறபடிதானே எடுப்பார்கள்." டீக்கடையில் நேற்று வரை இப்படிப் பேசியவன் நீ. நாளைக்கு அந்தப் புதுப்பையன் நீதான், கண்ணு. கம்பெனி சொல்வதைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளப்போவதும் நீதான். அங்கே போனதும் ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்று பேசுகிறவர்களோடு சேர்ந்துவிடாதே. சந்தேகப்படுகிற ரசிகன் முதல் படத்தை மூன்று தடவை பார்த்தவன். அதில் வந்த ஆளுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபப்படுவான் என்று இயக்குநரைவிடத் துல்லியமாகச் சொல்வான். அவ்வளவு அக்கறை இல்லாதவனுக்குச் சந்தேகமும் வராது.

2. தொடர் படம் ஏன் எடுக்கிறார்கள் என்பதைக் கணக்கு வழியாகத் தெரிந்துகொள்.

பிலிம் பெட்டி இருந்த காலத்தில் ஒரு படம் முதலில் சேலம் டவுனில் ஓடும். சில வாரம் கழித்துத்தான் அதே பிரிண்ட் திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் போகும். அப்புறம் டூரிங் கொட்டகை. பெட்டி போய்ச் சேரும் முன்பே படத்தைப் பற்றிய பேச்சு போய்ச் சேர்ந்திருக்கும். சேலத்தில் பார்த்த லாரி டிரைவரும் சந்தைக்கு வந்துபோன தறிக்காரரும் சொன்ன ஒரு வார்த்தைதான் அங்கே விளம்பரம். கதை நிற்கவில்லை என்றால் மூன்றாவது ஊரில் கொட்டகை காலி.

இப்போது டிஜிட்டலில் எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் பெரும் பங்கு வசூலாகிவிட வேண்டும். அந்த மூன்று நாளுக்கும் கதை உதவாது. யாரும் இன்னும் பார்க்கவில்லையே. பேர்தான் உதவும். போன படம் இந்த ஏரியாவில் எவ்வளவு ஷேர் கொடுத்தது என்று பார்த்துத்தான் அடுத்ததற்கு எம்.ஜி.யோ (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) அட்வான்ஸோ பேசுகிறார்கள். டி.வி. உரிமை, ஓ.டி.டி. உரிமைக்கும் அதே பேர்தான் ஜாமீன். ஆக, நீ முதல் வரி எழுதும் முன்பே படத்துக்கு விலை வந்துவிடுகிறது. தயாரிப்பாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வட்டிக்குப் பணம் வாங்கி எடுப்பவர் ஜாமீன் உள்ள இடத்தில்தான் கால் வைப்பார். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். பேர் ஞாயிற்றுக்கிழமை இரவுக் காட்சியோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு ஆள் வருவது எழுத்தால். உனக்குச் சம்பளம் அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான்.

3. கம்பெனியின் பிடி இறுக்கமா என்று கேட்காதே. பிடித்திருப்பவர் யார் என்று கேள்.

சேலத்தில் ஏற்காடு போகும் ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய ஸ்டூடியோ. 1937ல் 'சதி அகல்யா', அடுத்த ஆண்டு மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1940ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தம புத்திரன்', 1956ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப்படம். ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து 1952ல் 'தி ஜங்கிள்' கூட இந்தச் சேலத்திலிருந்து வந்தது. மொத்தம் நூற்றுக்கும் மேல்.

ஒரே காம்பவுண்டுக்குள் செட், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங், எழுதுகிறவர்களுக்கு அறை. நேரத்துக்கு வராத நடிகர் எவ்வளவு பெரியவரானாலும் சுந்தரம் பொறுக்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். இன்றைக்கு 'ஸ்டூடியோவின் தலையீடு' என்று சொல்கிறோமே, அதை முழுசாகச் செய்தவர் அவர். ஆனால் அவரே படம் இயக்கினார். எடிட்டிங் மேஜை என்றால் என்ன, ஒரு செட்டுக்கு எவ்வளவு மரம் ஆகும், ஒரு வசனம் எத்தனை அடி பிலிம் தின்னும் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர். படம் விழுந்தால் விழுந்தது அவர் பணம், அவர் பேர்.

இன்றைய கார்ப்பரேட் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். படம் விழுந்தால் அந்த ஐந்து பேரும் அடுத்த கம்பெனியில் இருப்பார்கள். நீ பயப்பட வேண்டியது பிடியைப் பார்த்து அல்ல, பொறுப்பில்லாத பிடியைப் பார்த்து. முதல் நாளே கவனி: இந்த அறையில் கதைக்காக 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் யார், அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால், அவர் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் அங்கேயே வேலை பார்.

4. அனுபவமில்லாதவன் என்று சொன்னால் தலைகுனியாதே. ஆனால் அனுபவத்தைச் சம்பாதிக்கிற இடத்தை விட்டுத்தராதே.

மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' 1950ல் வந்தபோது அதை எழுதிய மு.கருணாநிதிக்கு 26 வயது. அதற்கு முன்பு கோவையில் ஜுபிடர் கம்பெனிக்காக 'ராஜகுமாரி'யில் வேலை பார்த்திருந்தார். 'அபிமன்யு'வில் எழுதியும் டைட்டிலில் பேர் வரவில்லை என்று மனம் நொந்து ஊர் திரும்பியவர். கவிஞர் கா.மு.ஷெரீப் சொல்லித்தான் சேலத்துக்கு அழைப்பு வந்தது. நாயகன் எம்.ஜி.ஆர். அன்றைக்கு ஆளை இழுக்கும் பெரிய நட்சத்திரம் இல்லை. இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். இன்றைய ரசிகன் இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் படம் ஓடியது, வசனத்துக்காகவே ஓடியது.

காரணம் எளிது. கையில் இருந்தது குண்டலகேசிக் கதையிலிருந்து எடுத்து, மேடையில் நாடகமாக நின்ற சரக்கு. எந்த வசனத்துக்குக் கைதட்டு வரும் என்று கருணாநிதிக்குக் காதால் தெரியும். டங்கனுக்குப் படம் எடுக்கத் தெரியும். டங்கன் அமெரிக்கா திரும்பியபோது மிச்சத்தை முடித்துவைக்கச் சுந்தரத்துக்குத் தெரியும். புது எழுத்தாளனைச் சுற்றிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இன்று அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. அமெரிக்காவில் 2023 மே 2ல் தொடங்கி 148 நாள் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் சம்பளத்தோடு இன்னொரு குறையும் இருந்தது. தொடர்களுக்குச் சின்னக் குழுவாகச் சில வாரம் எழுதச் சொல்லிவிட்டு, படப்பிடிப்பு ஆரம்பிக்கும் முன் இளைஞர்களை அனுப்பிவிடுகிறார்கள், ஸ்பாட்டில் நிற்காமல் தொழிலை எப்படிக் கற்பது என்றார்கள். அங்கே ரசிகன் புதியவர்களைத் திட்டுகிறான். கற்கும் வாசலை அடைத்தது யார் என்று அவனுக்குத் தெரிவதில்லை.

அதனால், எழுதிக் கொடுத்ததும் அறைக்குத் திரும்பிவிடாதே. ஸ்பாட்டுக்கு வர அனுமதி கேள். சம்பளம் குறைத்தாலும் கேள். நடிகர் வாயில் நுழையாத வரி எது, மழை வந்தால் எந்தக் காட்சியை உள்ளரங்குக்கு மாற்றலாம் என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

5. பேரைத் தொடர்வது வேறு, கதையைத் தொடர்வது வேறு.

சுந்தரம் 1963ல் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் ஸ்டூடியோவை நடத்தினார். 'வல்லவனுக்கு வல்லவன்' 1965, 'வல்லவன் ஒருவன்' 1966, 'இரு வல்லவர்கள்' 1966, பிறகு 1970ல் 'சி.ஐ.டி. சங்கர்'. ஒன்றின் கதை இன்னொன்றில் தொடரவில்லை. தொடர்ந்தது ஒரு வாக்குறுதி: துப்பறிவாளர், மாறுவேடம், சுரங்க அறை, வேதாவின் இசை, யார் வில்லன் என்ற முடிச்சு. நடிகர் ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பேர் அந்த வரிசையில்தான் நிலைத்தது. ஜனங்கள் எதை எதிர்பார்த்து வந்தார்களோ அதைக் கொடுத்தார்கள். முந்தைய படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கதையையே தொடர்வது கடினமான வேலை. 'கல்யாணராமன்' 1979ல் வந்து, 1985ல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தபோது இரண்டுக்கும் பஞ்சு அருணாசலத்தின் எழுத்து. பாத்திரத்தைப் பெற்ற கையே அதை வெளியூருக்கும் கூட்டிப்போனது. 'இந்தியன்' 1996ல் எழுத்தாளர் சுஜாதாவின் வசனத்தோடு வந்த படம். இரண்டாம் பாகம் 2024ல் வந்தபோது அவர் மறைந்து 16 ஆண்டு. நம் பக்கத்து ஜனங்கள் லஞ்சக்காரர்களைத் தண்டித்த பழைய 'இந்தியன்' தாத்தாவைப் பார்க்கவே போனார்கள், ஏமாந்து திரும்பினார்கள். 28 வருஷத்தில் லஞ்சம் எப்படி உருமாறியது, அந்த மனிதர் எப்படி மாறியிருப்பார் என்ற கேள்விக்குப் பதில் தேடி வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மற்றவர் படைத்த பாத்திரம் உன் கைக்கு வந்தால் முதலில் அதன் பேச்சை மட்டும் தனியாக எழுதிப் பார். பேர் போடாமல் படித்தாலும் அந்த ஆள்தான் என்று தெரிய வேண்டும். தெரியாத வரை காட்சிக்குப் போகாதே.

6. பல படங்களை ஒன்றாக முடிச்சுப் போடும் 'யூனிவர்ஸ்' என்று பேசும்போது ராசிபுரத்தை நினைத்துக்கொள்.

சுஜாதா குமுதத்தில் எழுதி 1986ல் படமான 'விக்ரம்' பாத்திரத்தை 2022ல் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் எடுத்து, 2019ன் 'கைதி'யோடு முடிச்சுப் போட்டார். இளைஞர்கள் கொண்டாடினார்கள். பழைய இரண்டையும் பார்க்காதவருக்கும் அந்தப் படம் புரிந்தது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். ராசிபுரத்தில் வாரம் முழுக்கத் தறி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர் வாங்குவது ஒரு டிக்கெட். அந்த ஒரு டிக்கெட்டுக்குள் கதை தொடங்கி முடிய வேண்டும். அடுத்த படத்துக்கு வேண்டியதை இந்தப் படத்தில் நட்டுவைக்க அரைமணி நேரம் கேட்டால், மறுத்துப் பேசு.

7. பேர், பதிவு, காகிதம்.

கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே சொல். 2018ல் 'சர்கார்' வெளியாகும் முன் ஓர் உதவி இயக்குநரின் 'செங்கோல்' கதையோடு ஒத்திருக்கிறது என்ற பிரச்சினை வந்தது. அவர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்ததால்தான் அன்றைய தலைவர் கே.பாக்யராஜ் அதை எடுத்துப் பேச முடிந்தது. விஷயம் உயர்நீதிமன்றம் வரை போய், அந்த உதவி இயக்குநரின் பேர் திரையில் வந்தது. கதை விவாதத்துக்கு பேட்டா மட்டும் கொடுத்து, டைட்டிலில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கு.

8. எதற்கு வளைவது, எதற்கு எழுந்து வருவது.

மாடர்ன் தியேட்டர்ஸின் 'வளையாபதி'க்கு எழுதியவர் பாரதிதாசன். தன்னைக் கேட்காமல் தன் வரிகளை மாற்றியதால் ஸ்டூடியோவோடு கணக்கை முடித்துக்கொண்டார் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பாவேந்தர், அவருக்கு அது தகும். முதல் படத்தில் நீ அப்படி எழுந்து வராதே, கண்ணு. பாட்டு எங்கே வரும், சண்டை எத்தனை, நாயகன் எந்தச் சட்டையில் வருகிறார் என்பதற்கெல்லாம் வளைந்து கொடு. ஒரு பாத்திரம் தன் குணத்துக்கு மாறாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டும், வேறு வழி ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போய் எதிரே வை. வெறும் வாயால் மறுக்கிறவனை அறை மறந்துவிடும். மாற்றுக் காட்சியோடு மறுக்கிறவனை அடுத்த படத்துக்கும் கூப்பிடும்.

9. உன் படம் வந்ததும் எங்கே பார்ப்பது.

பிரிவியூ தியேட்டரில் எல்லோரும் உன் நண்பர்கள். முதல் நாள் முதல் காட்சியில் எல்லோரும் நடிகரின் நண்பர்கள். இரண்டு இடத்திலும் உனக்குப் பாடம் இல்லை. நாலாம் நாள் ஊருக்கு வா. ஆத்தூரிலோ திருச்செங்கோட்டிலோ மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார். இடைவேளையில் வெளியே வருகிறவர்கள் படத்தைப் பற்றிப் பேசுகிறார்களா, வேறு பேச்சுக்குப் போய்விட்டார்களா என்று பஜ்ஜிக் கடைப் பக்கம் நின்று கேள். இரண்டாம் பாதியில் இருட்டுக்குள் செல்போன் வெளிச்சம் எந்தக் காட்சியில் முளைக்கிறது, எந்தக் காட்சியில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று பார்த்து, இரண்டையும் நோட்டில் காட்சி எண்ணோடு எழுதிக்கொள். அடுத்த கதை விவாதத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ.