எல்.இ.டி. விளக்கின் துடிப்பும் அதைக் குறைக்கும் வழிகளும்

பம்பு அறைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் எல்.இ.டி. விளக்குகள் இப்பொழுது மிகுதியாய் உபயோகிக்கப்படுகின்றன. மின்செலவு குறைவென்பது அவற்றின் சிறப்பு. ஆயினும் மலிவான சில விளக்குகளின் ஒளி நிலையாயிராமல் துடிக்கின்றது. சுழலும் யந்திரத்தினருகில் இத்துடிப்பு அபாயம் விளைவிக்கும்.

காரணம்.— இந்தியாவில் கம்பி வழியே வரும் மாறு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுக்களையுடையது. சுற்றொன்றுக்கு இருமுறை அது பூஜ்யத்தைத் தொடுவதால் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறியிறங்கும். பழைய இழை விளக்கில் இழையின் சூடு உடனே தணியாது. ஆதலால் ஒளி அதிகம் குன்றாது. எல்.இ.டி.யோ மின்னோட்டம் குன்றிய கணமே மங்கும். அவ்விடைக்குறையை விளக்கினுள்ளிருக்கும் கண்டென்ஸர் நிரப்ப வேண்டும். அது இல்லாவிடினும், சிறியதாயிருப்பினும், நாட்பட்ட சூட்டினால் உலர்ந்துபோயினும் துடிப்பு மிகும்.

அபாயம்.— நிமிஷத்திற்கு 1,440 முறை சுழலும் மோட்டாரில் நான்கு ஆரங்களுள்ள கப்பி பூட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 96 ஆரங்கள் ஓரிடத்தைக் கடக்கும். மிகத் துடிக்கும் ஒளியில் அக்கப்பி வினாடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி மெல்ல நகர்வதாகத் தோன்றும். சுமையின்றி 1,500 சுற்றை நெருங்குங்கால் ஏறக்குறைய நின்றுவிட்டதாகவே காணும். அதை நம்பிக் கை வைப்பவன் விரலையிழப்பான்.

சோதனை.— வேறு வெளிச்சமில்லாதவிடத்தில், விளக்கொளியில் வெள்ளைக் குச்சியொன்றை வேகமாய் அசைத்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்த மங்கலாய்த் தெரியின் விளக்கு நன்று. தனித்தனிக் குச்சிகளாய்த் தெரியின் துடிப்புடையது. கைப்பேசிக் காமிராவில் கரும்பட்டைகள் ஓடுவதும் அதற்கு அறிகுறியே.

பரிகாரம்.—
(1) கடையிலேயே சோதித்து வாங்குக.
(2) நாளடைவில் துடிக்கத் தொடங்கிய விளக்கை மாற்றிவிடுக. அதைத் திறந்து பழுது பார்க்கலாகாது; இணைப்பை நீக்கிய பின்னரும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.
(3) ஒளி குறைக்கும் ரெகுலேட்டருக்கு ஏற்றதென்று குறிக்கப்படாத விளக்கை அதனுடன் இணைக்கலாகாது.
(4) மும்முனை மின்சாரமுள்ளவிடத்தில், யந்திரத்தின்மீது ஒளி வீசும் மூன்று விளக்குகளை மூன்று பேஸ்களில் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அமைக்கலாம். ஒன்று மங்குங்கால் மற்றவை ஒளிரும்.
(5) எல்லா விளக்குகளும் ஒருங்கே மங்கிப் பிரகாசித்தால் குற்றம் விளக்கினதன்று. நியூட்ரல் கம்பியின் இணைப்புத் தளர்ந்திருக்கக்கூடும். தாமதியாமல் மின்சார அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பொதுவிடங்களிலுள்ள தீவனம் நறுக்கும் யந்திரங்களின் விளக்குகளைச் சோதித்து வருதல் நலம். விளக்கு எத்தகையதாயினும் கப்பிக்கும் பெல்ட்டுக்கும் காப்புத் தடுப்பு அவசியம். கண்ணை நம்பாமல், மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே யந்திரத்தைத் தொடல் வேண்டும்.